ஊர்ப் பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்: உத்திரமேரூர் வட்டாரத்தில் குழந்தை உரிமையும் கிராம சபையும்

1. பொருளும் எல்லையும்

குழந்தைகளுக்கான சட்டங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பரில் இணைந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ளோரின் கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 2002-இல் வந்தது. அதைச் செயலுக்குக் கொண்டுவரும் கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006, போக்சோ சட்டம் 2012, இளைஞர் நீதிச் சட்டம் 2015 என்று வரிசை நீளும்.

இச்சட்டங்களின் பாதுகாப்பு ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிறது, பக்கத்துக் குடிசையில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. இது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு விடை தேட உத்திரமேரூர் வட்டாரம் பொருத்தமான களம். ஏரிப் பாசன நெல்வயல், பட்டுத்தறி, கல்குவாரி, செங்கல் சேம்பர், விடியற்காலையில் ஒரகடம் தொழிற்பேட்டைக்கு ஆளேற்றிப் போகும் வேன் எல்லாம் இங்கே அருகருகே உண்டு. 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. பழைய செய்திகளுக்கு அந்தப் பகுதியையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் பிள்ளையின் உரிமை இரண்டு இடங்களில் கைநழுவுகிறது. ஒன்று, பெற்றவர்கள் வாங்கும் முன்பணம். மற்றொன்று, ஊர்ப் பதிவேடு. முன்பணத்தை ஒழிக்கச் சட்டம் ஓரளவு முயன்றிருக்கிறது. பதிவேட்டை யாரும் பெரிதாக எண்ணவில்லை. அதைச் சரிசெய்யும் அதிகாரமும் கடமையும் ஊராட்சிக்கும் கிராம சபைக்கும் இருக்கின்றன.

2. கல்வெட்டில் ஒரு சிறுவன்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. காலம் கி.பி. 919, 921. குடவோலை முறையை நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் படித்திருப்பார்கள். அதில் ஒரு சிறுவனுக்குத் தரப்பட்ட வேலையை மட்டும் இங்கே சற்று நின்று பார்க்கலாம்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை கூடியிருக்க, கோயில் நம்பிமாரில் மூத்தவர் அந்தக் குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் அதில் கைவிட்டு ஒரு கட்டை எடுப்பான். அந்த ஓலைகளை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கியபின் அவனே ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்யஸ்தனிடம் கொடுப்பான். மத்யஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். வாங்கி உரக்கப் படிக்க, நம்பிமார் அனைவரும் திரும்பப் படிப்பார்கள்.

வளர்ந்தவர்களின் சூதுக்கு ஒரு பிள்ளையின் கை காவலாக இருந்தது. இந்த நம்பிக்கை உயர்ந்தது. இதை நான் மெய்யாகவே போற்றுகிறேன். ஆனால் அந்தத் தேர்வால் அமைந்த சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் எதற்கும் பிள்ளைகள் பற்றிய பொறுப்பு இல்லை. அக்காலத்தில் அது வீட்டுக் காரியம். பத்தாம் நூற்றாண்டிடம் போய் இருபத்தோராம் நூற்றாண்டின் கணக்கைக் கேட்பது முறையாகாது.

இந்த ஆய்வுக்கு முக்கியமானது அதே கல்வெட்டில் உள்ள வேறொரு விதி. ஓலையில் பெயர் ஏற, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும். நிலமற்றவனும் மனையற்றவனும் எந்தக் குடும்பின் ஓலையிலும் வர மாட்டான், பெண்ணும் வர மாட்டாள். நிலத் தகுதி இன்று போய்விட்டது. வீட்டு முகவரி என்னும் தகுதி மட்டும் வேறு உருவத்தில் இன்னும் நிற்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

3. முன்பணம்: தறியடியில் பிள்ளை

பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதை எதிர்த்த முதல் அனைத்திந்தியச் சட்டம் வெள்ளைக்காரர் காலத்தது. விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் 1931-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, குழந்தைகள் உழைப்பு அடமானச் சட்டம் 1933-இல் இயற்றப்பட்டது. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் உழைப்பைப் பணத்துக்கு ஈடாக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது அது. எழுதிக்கொடுத்த பெற்றோருக்கு 50 ரூபாய் வரையும் வேலை வாங்கியவருக்கு 200 ரூபாய் வரையும் அபராதம். நியாயமான கூலி இருந்து, பிள்ளைக்குக் கேடில்லாமல், ஒரு வார முன்னறிவிப்பில் விலகிக்கொள்ளலாம் என்றால் அது அடமானம் ஆகாது என்று ஒரு விலக்கும் வைத்தது.

அந்த விலக்கில்தான் வழக்கத்தின் உயிர் தங்கியது. காஞ்சிப் பட்டுத்தறியில் யாரும் ஒப்பந்தம் எழுதுவதில்லை. வீட்டில் ஒரு சாவு, ஒரு பிரசவம், ஒரு மழைக்காலம் என்று ஏதாவது ஒரு செலவு வரும். தறிக்காரரிடம் சில ஆயிரம் வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தறிக்கு அனுப்புவார்கள். வாரக் கூலியில் ஒரு பகுதி கடனுக்குப் பிடிக்கப்படும். அதற்குள் அடுத்த செலவு வந்து கடன் மறுபடி ஏறும். வேறு தறிக்குப் போக வேண்டுமானால் பாக்கியைப் புது முதலாளி கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். பிள்ளையோடு பாக்கியும் கைமாறும்.

தறிக்கு ஏன் பிள்ளை வேண்டும்? காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பின்னிக் கோத்தால்தான் கரை பிரியாது. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒருவரால் மூன்றையும் சமாளிக்க முடியாது. ஒரு பக்கக் கரைக்கு நாடா எறிய இன்னோர் ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். பெரிய ஆளை வைத்தால் கூலி கட்டுபடியாகாது என்பதால் அந்த இடம் பிள்ளைக்குப் போயிற்று. குழித்தறியின் ஓரத்தில், வெளிச்சம் குறைந்த உள்கூடத்தில், நாள் முழுக்க ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து, தன் முறை வரும்போது நாடாவை எறிய வேண்டும். ஓர் இழை தப்பினாலும் நெய்பவர் அவிழ்த்து மறுபடி கோக்க வேண்டும். அடியும் திட்டும் அந்த நேரத்தில் விழும். கல்யாணக் கூடத்தில் நாம் தொட்டு மெச்சிய எத்தனையோ புடவைகளின் ஒரு கரை பிள்ளைக் கையில் பிறந்தது. இதை எழுதும்போது எனக்கு மனம் கூசுகிறது.

ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் கர்நாடகம், உத்தரப் பிரதேசத்தோடு காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அதற்கு முன்பே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலும் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இலும் வந்துவிட்டன. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாயை ஒரு நிதியில் கட்ட வேண்டும். பிள்ளையின் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் அந்த நிதியில் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. பிள்ளையின் கூலி நின்றால் வீட்டு அடுப்பு நிற்கும் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. வேலை தருவது எங்கும் பெரிதாக நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்த நாட்டின் குழந்தை உழைப்பு வரலாறே மாறியிருக்கும்.

இன்று கூலிக்கு வைத்த சிறுபிள்ளைகள் முன்போலத் தறியடியில் இல்லை. சோதனைகளும் சிறப்புப் பள்ளிகளும் சத்துணவும் அதற்குக் காரணம். இளைஞர்கள் தறியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனதும் அவற்றுக்குக் குறையாத காரணம். இதில் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வாசலை அடைத்து மறுவாசலைத் திறந்துவிட்டது. 14 வயதுக்கு உட்பட்டோரை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று அது விரித்துச் சொன்னது நல்லது. ஆனால் பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்றும் சொன்னது. குடும்பம் என்பதில் தாய் தந்தையோடும் உடன்பிறந்தாரோடும் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமன், சித்தி, பெரியம்மாவும் அடக்கம். நெசவுத் தெருவில் மாமன் வீட்டுத் தறி இல்லாத பிள்ளை எது? மாலை ஏழு மணிக்கு எந்த ஆய்வாளர் வந்து, இது உதவியா வேலையா என்று பிரித்துப் பார்ப்பார்? தொழிலைப் பெற்றவரிடமிருந்து பிள்ளை கற்கட்டும் என்ற நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை. கற்பதற்கும் கரைக்கு நாடா எறிவதற்கும் உள்ள எல்லையைத் தறியின் மேலுள்ள கடனே தீர்மானிக்கிறது.

4. சோறும் பள்ளியும்

தமிழ்நாடு இந்தியாவுக்கே வழிகாட்டிய இடம் இது. நன்கு அறியப்பட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று விரித்த சத்துணவு, பின்னால் சேர்ந்த முட்டை, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய காலை உணவு எல்லாம் சேர்ந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுக்கு நட்டம் என்ற கணக்கை முறித்தன. முன்பணத்துக்கு எதிராக இந்த மாநிலம் எடுத்த மிகக் கூரான ஆயுதம் தட்டுச் சோறுதான் என்று நான் கருதுகிறேன். பால்வாடியும் அப்படியே. கைக்குழந்தையை அங்கே விட்டால்தான் அதன் அக்கா பள்ளிக்குப் போக முடியும்.

இவை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு உரியவை. சோறு பள்ளியில் வேகும். பிள்ளை அங்கே வந்து உட்கார வேண்டும். தை மாதம் ஊரைவிட்டுப் போய் ஆனியில் திரும்பும் பிள்ளைக்கு அந்த ஆண்டின் பாதிச் சோறும் பாதிப் பாடமும் போய்விடும்.

5. சேம்பரில், கரும்பு வெட்டில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் செங்கல் வேலை தொடங்கும். மழை இறங்கியிருக்கும் மாதங்களில், வேலையும் வருமானமும் இல்லாத நேரம் பார்த்து, மேஸ்திரி வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார். பொங்கல் முடிந்த கையோடு குடும்பம் சட்டிபானையோடு சேம்பருக்குக் குடிபெயரும். கரும்பு வெட்டுக்கும் சவுக்கு வெட்டுக்கும் கரி சுடவும் இப்படியே போகிறார்கள். போகிறவர்களில் இருளர்கள் மிகுதி. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக அறிவிக்கப்பட்ட ஆறு சமூகங்களில் அவர்களுடையதும் ஒன்று.

சேம்பரில் கூலி ஆளுக்கு இல்லை. அறுத்த ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்குக் கணக்கு. சேடையைக் குழைப்பது அப்பா, அச்சில் அடிப்பது அம்மா. காயும் பச்சைக்கல்லைத் திருப்பிப் போடுவதும் அடுக்குவதும் பிள்ளைகள் கை. எட்டு வயதுச் சிறுமி இரண்டு வரிசை திருப்பினால் அன்றைய எண்ணிக்கை கொஞ்சம் ஏறும். ஆனால் கணக்கு நோட்டில் அவள் பெயர் இராது. கூலி வாங்காதவள் எப்படித் தொழிலாளி ஆவாள்? பரிசோதிக்க வரும் அதிகாரி கண்ணில் அவள் பெற்றோரோடு இருக்கும் பிள்ளை மட்டுமே. அவளுக்கு இளையவன் பச்சைக்கல் நிழலில் துணியில் கிடப்பான். "பாப்பா, தம்பியப் பாத்துக்கம்மா" என்று அம்மா சொல்லிவிட்டுப் போவாள். அதையும் ஒரு வேலையாக யாரும் எண்ணுவதில்லை.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இரண்டு இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். சிறுபிள்ளைகளும் அவர்களில் உண்டு. மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படம் அன்று நாடெங்கும் செய்தித்தாள்களில் வந்தது. அவர்கள் வாங்கியிருந்த கடன் ஆயிரக்கணக்கில்தான். ஆண்டுக்கணக்கில் உழைத்தும் தீரவில்லை. சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது; கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்று அதற்கு அத்தாட்சி. மறுவாழ்வு உதவி 2016-ஆம் ஆண்டுத் திட்டப்படி ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம்.

அந்தப் பிள்ளைகள் மீட்கப்படுவதற்கு முந்தைய நாள் வரை எந்த ஊரின் பிள்ளைகளாக இருந்தார்கள்? சொந்த ஊர்ப் பள்ளியில் கேட்டால் குடிபெயர்ந்துவிட்டார்கள் என்பார்கள். மரம் வெட்டும் ஊரில் கேட்டால் வெளியூர் ஆள் என்பார்கள். வீடு வீடாக நடக்கும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வீடு வேண்டும். கதவு எண் இல்லாத தார்ப்பாய்க் குடிசை அந்த வீடுகளின் வரிசையில் வராது. இருளர் பிள்ளைக்கு இன்னொரு தடையும் சேர்கிறது: பழங்குடிச் சான்று. அதைக் கோட்டாட்சியரே தர வேண்டும். பெற்றோருக்கு இல்லாதபோது பிள்ளைக்குக் கிடைப்பது எளிதில்லை. சொந்த மனை இருப்பவனே ஓலையில் ஏறுவான் என்ற பழைய விதி, எவரும் எழுதாமலே இப்படித் தொடர்கிறது.

6. பதிவு மட்டும் போதுமா

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். பதிவேட்டில் ஏறிவிட்டால் பிள்ளை பத்திரமா? இல்லை என்பதற்குப் பழைய செங்கல்பட்டு மாவட்டமே சான்று. சென்னை மாகாணம் 1920-லேயே குழந்தைகள் சட்டம் இயற்றிய முன்னோடி. செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளியோ அதற்கும் மூத்தது, 19-ஆம் நூற்றாண்டினது. அதே ஊரின் அரசு இல்லத்தில், திருட்டு வழக்கில் அடைக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் 2022 டிசம்பர் 31 அன்று அடிபட்டு இறந்தான். இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். இத்தகைய இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு நியமிக்கப்பட்டார். அந்தச் சிறுவனின் பெயர், வயது, வழக்கு எண் எல்லாம் அரசிடம் முறையாகப் பதிவாகியிருந்தன. உள்ளே போய்ப் பார்த்துக் கேட்கும் வெளி ஆள் அவனுக்கு இல்லை.

ஆகவே பதிவேடு என்று நான் சொல்வது அலமாரியில் கிடக்கும் நோட்டைக் குறிக்காது. கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்கப்படும் பட்டியலையே குறிக்கும்.

7. ஊராட்சியின் கடமை

கட்டாயக் கல்விச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்பின் கடமைகளைச் சொல்கிறது. தன் எல்லைக்குள் வசிக்கும் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டை அது பேண வேண்டும். குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். சட்டத்தின் சொல் வசிக்கும் பிள்ளை என்பது. சொந்த ஊர், கதவு எண், வாக்காளர் பட்டியல் எதையும் அது கேட்கவில்லை. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதும் அதே சட்டம். தார்ப்பாய்க் குடிசையில் நான்கு மாதம் இருக்கும் பிள்ளை அந்த நான்கு மாதமும் அந்த ஊராட்சியின் பிள்ளைதான்.

நடைமுறையில் இந்தக் கணக்கைக் கல்வித் துறை எடுக்கிறது, ஊராட்சி எடுப்பதில்லை. ஆசிரியர் தன் பள்ளியில் சேரக்கூடிய பிள்ளையைத் தேடிப் போகிறார். ஊர் எல்லையில் இருக்கும் பிள்ளை முழுவதும் அவர் பொறுப்பில்லை. ஊராட்சிக்கோ எல்லை தெரியும், சேம்பர் யாருடையது என்று தெரியும், எந்த நிலத்தில் எத்தனை குடிசை போட்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும். அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணை பள்ளிக் கல்வியையும் மகளிர், குழந்தை மேம்பாட்டையும் ஊராட்சிகளுக்குரிய பொருள்களில் வைத்திருக்கிறது. கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும், ஊராட்சித் தலைவர் அதற்குத் தலைவராக இருக்க வேண்டும், பிள்ளைகளின் பேராளர்கள் இருவர் அதில் உட்கார வேண்டும் என்பது 2009-இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டல். அந்த இருவரில் ஒருவராவது சேம்பர்ப் பிள்ளையாகவோ இருளர் குடியிருப்புப் பிள்ளையாகவோ இருப்பதே முறை என்று நான் நினைக்கிறேன். ஊர்த் தெருவின் பிள்ளைக்குத் தன் குறையைச் சொல்ல வீட்டில் ஆளிருக்கும்.

உத்திரமேரூர் நகரம் பேரூராட்சி; ஆகையால் அங்கே கிராம சபை கிடையாது. அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் உண்டு. ஊராட்சித் தலைவரோ உறுப்பினரோ தாமே சேம்பர், குவாரி வைத்திருக்கலாம், அல்லது வைத்திருப்பவருக்கு வேண்டியவராக இருக்கலாம். அவர் எழுதும் பட்டியலில் சேம்பர்ப் பிள்ளை வருவாளா என்று கேட்பது சரியான கேள்வி. சம்பந்தப்பட்டவர் வீட்டிலேயே பட்டியல் தயாரானால் வர மாட்டாள். அங்கன்வாடிப் பணியாளர், கிராம செவிலியர், தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்கள் ஆகிய நான்கு தரப்பினரும் தனித்தனியே எடுத்த கணக்கைச் சபையில் வைத்து ஒப்பிட்டால் மறைப்பது கடினம். கணக்குக் காட்டாத வாரியப் பெருமக்களும் அவர்களின் உறவினரும் மீண்டும் ஓலையில் வரக் கூடாது என்று 921-இல் விதித்த ஊர் இது. பிள்ளைக் கணக்குக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

8. எந்த நாளில் கேட்பது

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த நாட்கள் வேறு காரணங்களுக்காகக் குறிக்கப்பட்டவை. ஆனாலும் முன்பணத்தின் பருவத்தோடு வைத்துப் பார்த்தால் வியக்கத்தக்க அளவு பொருந்துகின்றன.

அக்டோபர் 2-உம் நவம்பர் 1-உம் மேஸ்திரி அட்வான்ஸோடு ஊருக்குள் வரும் காலத்தை ஒட்டியவை. யார் வீட்டில் கடன் நெருக்குகிறது, யார் போகப் போகிறார்கள் என்று சொந்த ஊரின் சபை அப்போது கேட்கலாம். பிள்ளைகளை விடுதியில் சேர்க்கவும், பாட்டி தாத்தாவிடம் விட்டுப் போகிறவர்களுக்கு உதவவும் அவகாசம் இருக்கும். ஜனவரி 26 பொங்கல் கழிந்து பத்து நாளில் வருகிறது. குடிசைகள் சேம்பரில் அப்போதுதான் எழும்பியிருக்கும். வேலை நடக்கும் ஊரின் சபை அன்று ஒரே ஒரு தீர்மானம் போட்டால் போதும்: இன்றைய தேதியில் நம் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும், எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும், அடுத்த வாரத்துக்குள் பதிவேட்டில் ஏறி, அருகிலுள்ள பள்ளியிலும் பால்வாடியிலும் தட்டுக் கிடைக்க வேண்டும். மார்ச் 22 அன்று அந்தப் பட்டியலைப் படித்து, எத்தனை பேர் பள்ளிக்கு வருகிறார்கள், வராதவர் எங்கே என்று கேட்க வேண்டும். மே 1 அன்று, சூளை அடங்கும் முன், திரும்பிப் போகிற பிள்ளைகளின் பெயர்களைச் சொந்த ஊராட்சிக்கு எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் வந்ததா, ஜூனில் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தார்களா என்பதை ஆகஸ்டு 15 சபை கேட்கட்டும்.